யாரும் வெட்டாத ஏரி

சுகன்யா மேரி வரதராஜன்பேட்டைக்காரி. அப்பா தேவசகாயத்துக்கு முந்திரித் தோப்பு இருந்தது. வருஷத்தில் பாதி நாள் வீட்டுப் பின்கட்டில் கொட்டை உடைக்கிற வேலை நடக்கும். ஓட்டு எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைப்பார்கள். அவர்கள் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு டம்ளர் பின்வாசல் மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அது ஏன் தனியாக இருக்கிறது என்று சின்ன வயதில் அவள் கேட்டதில்லை. மாடம் என்றால் அதில் ஒரு டம்ளர் இருக்கும், அவ்வளவுதான்.

திருச்சியில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு தொண்ணூற்றேழில் ஊர் திரும்பினாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வருஷம் பாடம் நடத்தினாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெண்கள், இதையும் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்து சேருவார்கள். படித்து முடித்துக் கல்யாணம் ஆகிப் போவார்கள். அந்த வேலை அவளுக்கு அலுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஆண்டிமடத்திலிருந்து டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். எட்டாம் வகுப்பு வரை உள்ள உதவி பெறும் பள்ளி. அங்கே படித்து வெளிநாடு போன ஒருவர் நாலு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அவை பெட்டி பிரிக்காமல் கிடந்தன. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று தலைமையாசிரியர் மரிய செல்வம் தேடி, தேவசகாயத்தின் மகள் படித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்.

சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து கம்ப்யூட்டர் அறை ஆக்கினார்கள். செருப்பை வெளியே விட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் கோயிலுக்குள் வருவதுபோல வருவார்கள். ஒரு மெஷினுக்கு ஆறேழு பேர். மவுஸ் கைக்கு வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும். இல்லாவிட்டால் கரண்ட் போய்விடும். அப்படியும் அந்தப் பீரியடுக்காகக் காய்ச்சலோடு வந்த பிள்ளைகள் உண்டு.

அந்த வருஷம் ஏழாம் வகுப்பு வரலாற்று ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனார். பாடத்தைச் சுகன்யா பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. சோழர் பாடம். கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். பிள்ளைகளில் பாதிப் பேர் போய்ப் பார்த்தவர்கள். ராஜா புதுத் தலைநகரம் அமைத்தார், பெரிய ஏரி வெட்டினார் என்று அவள் வாசித்துக்கொண்டே போனாள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மலர்க்கொடி. காலனியிலிருந்து வருகிறவள். அப்பா அமாவாசை கிணறு தோண்டுவது, முந்திரிக்குக் குழி எடுப்பது என்று மண்வேலைக்குப் போகிறவர்.

"அவரேவா வெட்டுனாரு டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய ஏரியை எத்தனை ஆள் வெட்டியிருப்பார்கள், அவர்களுக்குச் சாப்பாடு யார் போட்டது, வெட்டுகிறபோது மழை வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தொடர்ந்து கேட்டாள். சுகன்யா பாடத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அந்த ஏரியைப் பார்த்தாள். கரை நீண்டு கிடந்தது. உள்ளே கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேல். கரைமேல் ஏறி நின்றபோது, இந்த மண் முழுவதும் யாரோ தலையில் சுமந்து கொட்டியது என்பது முதல்முறையாக உறைத்தது. அங்கே நின்றபோதுதான் இதை வைத்துக் கம்ப்யூட்டரில் விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக அவள் சொல்வாள்.

விஷுவல் பேசிக்கில் புரோகிராம் எழுதுவது அவளுக்குக் கல்லூரியிலேயே பழக்கம். கம்ப்யூட்டரில் இருந்த பெயின்ட்டில் படம் வரைந்தாள். தமிழ் எழுத்து ஒரு மெஷினில் வந்தால் இன்னொன்றில் கட்டம் கட்டமாக வரும்; அதனால் ஒவ்வொரு சொல்லையும் படமாகவே வரைந்து ஒட்டினாள். சத்தம் வேண்டுமே என்று, ரோட்டோரம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் பக்கத்தில் டேப் ரெக்கார்டரைப் பிடித்து மண்வெட்டி விழும் ஓசையைப் பதிவு செய்தாள். தோண்டியவர்கள் இதை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்களாம். வாய்க்காலுக்குச் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் போய்க் கேட்டு வந்தாள். நாலைந்து மாதம் வேறு நினைப்பே இல்லை. அம்மா மாப்பிள்ளை போட்டோவை நீட்டினால், பொங்கல் போகட்டும் என்பாள்.

பொங்கல் கழிந்து விளையாட்டு வந்தது. நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டும். ஒருவர் ராஜா, ஒருவர் கணக்கர், ஒருவர் கல்தச்சர், ஒருவர் மண்வெட்டுகிறவர். ஏரி எங்கே என்று ராஜா முடிவு செய்ய வேண்டும். களஞ்சியத்து நெல்லைக் கணக்கர் பங்கிட வேண்டும். மதகு கட்டுவது தச்சர் பாடு. கொள்ளிடத்திலிருந்து வாய்க்கால் எந்த வழியாக வந்தால் தண்ணீர் ஏறும் என்று பார்த்து வெட்டுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அதை வெட்டுகிறவர் கையில் கொடுத்திருந்தாள். ராஜா நெல் கொடுக்காமல் கோயிலையே கட்டிக்கொண்டிருந்தால் வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரையை விட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் ஏரியில் முள்தான் முளைக்கும்.

பிள்ளைகள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார்கள். பரீட்சையில் சோழர் பற்றிய கேள்விக்கு ஒருவன் மதகு என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். மரிய செல்வம் அந்த விடைத்தாளை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் காட்டினார். சுகன்யாவின் வாழ்க்கையில் அவள் முழுசாகச் சந்தோஷமாக இருந்த காலம் எது என்றால் அந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்தார்கள். ஜூலையில் ஒருநாள், அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நாலு மெஷினிலும் மண்வெட்டுகிறவராக உட்கார்ந்திருந்தது காலனிப் பிள்ளைகள்தான். போன வாரத்தை யோசித்துப் பார்த்தாள். போன வாரமும் அப்படித்தான். ஆறு மாதமாகக் கண்முன் நடந்திருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பதை மட்டுமே அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மலர்க்கொடியிடம் போய், நீ ராஜாவாக ஆடியதே இல்லையா என்று கேட்டாள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வெட்டுவதுதான் தனக்குப் பிடிக்கும் என்றாள். பக்கத்தில் ராஜாவாக உட்கார்ந்திருந்தவன் பிரேம்குமார். ஊராட்சித் தலைவராக இருந்த இளையபெருமாளின் மகன். கெட்டிக்காரன், துடுக்குக் கிடையாது. அவன் சாதாரணமாகச் சொன்னான்:

"அவங்கப்பா நெசமாவே மண்ணு வெட்டறவருதானே டீச்சர். அவளுக்குத்தான் நல்லா வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலர்க்கொடியும்தான். பையனைத் திட்டலாமென்றால் அவன் குரலில் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. வானம் மேலே இருக்கிறது என்று சொல்கிறவனை எப்படித் திட்டுவது?

அந்த வாரக் கடைசியில் விளையாட்டை மாற்றினாள். யார் யார் என்ன என்று இனிமேல் பிள்ளைகள் பிரித்துக்கொள்ள முடியாது. பேரை அடித்தால் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிச் சொல்லும். திங்கட்கிழமை முதல் ஆட்டத்திலேயே மலர்க்கொடிக்கு ராஜா விழுந்தது. பிரேம்குமாருக்கு மண்வெட்டி. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பிரேம்குமாரே, கம்ப்யூட்டர் சொன்னால் என்ன செய்வது என்று சொல்லி மவுஸை வாங்கிக்கொண்டான்.

மலர்க்கொடி முதல் காரியமாகக் களஞ்சியத்தைத் திறந்து வெட்டுகிறவர்களுக்கு நெல் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள், ராஜா என்றால் முதலில் கோட்டை கட்டு என்று கத்தினார்கள். அவள் கேட்கவில்லை. வெட்டத் தெரிந்தவள் ஆதலால் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று பிரேம்குமாருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி அடிப்பதற்குள் ஏரி நிறைந்தது. அதுவரை எந்தக் கூட்டமும் முழுசாக நிரப்பியதில்லை. பிரேம்குமார் கைதட்டினான். வீட்டுக்குப் போனதும் அதே சந்தோஷத்தோடு, இன்றைக்கு மலர்க்கொடி ராஜா, நான் மண்ணு சுமந்தேன் என்று சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான்.

மறுநாள் இளையபெருமாள் இரண்டு பேரோடு வந்தார். தலைமையாசிரியர் அறைக்குச் சுகன்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் சத்தம் போடவில்லை. டீச்சர் நிற்கக் கூடாது என்று நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது பெரிய விஷயம் என்றார். அவள் அப்பாவைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். அப்புறம் சொன்னார்:

"அந்தச் சோழ ராஜா எந்தச் சனம்னு ஊருக்கே தெரியும், நான் சொல்லணுங்கிறதில்ல. வெளையாட்டுதான், இல்லேங்கல. வெளையாட்டுலயாச்சும் எம்புள்ள ராஜாவா இருக்கட்டுமே டீச்சர். அவன எதுக்கு அந்தப் பொண்ணுக்கு மண்ணு சொமக்க வுடறீங்க?"

சுகன்யா, இது குலுக்கலில் வருவது, நாளைக்கே பிரேம்குமாருக்கு ராஜா விழலாம் என்று விளக்கினாள். ஏரியை வெட்டியதும் மனுஷர்கள்தான், பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். கூட வந்தவர்களில் ஒருவர்தான் வாசல்வரை போய்த் திரும்பி, எங்கள் தெருப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க எங்களுக்கும் தெரியும் என்று தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார்.

மரிய செல்வம் நல்ல மனிதர். அதைச் சுகன்யா இன்றைக்கும் மறுக்கமாட்டாள். ஆனால் உதவி பெறும் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும். தன்னை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் தெரிந்தது. மண்வெட்டுகிற ஆளை எடுத்துவிடும்மா, எல்லாரும் ராஜாவாகவே இருக்கட்டும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்றார். அவள் முடியாது என்றாள். எடுத்துவிட்டால் அப்புறம் அதில் என்ன சார் இருக்கிறது என்று கேட்டாள். அவர் கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

அறை பூட்டிக் கிடந்தது. ஒரே வாரத்தில் சில பிள்ளைகள் டி.சி. வாங்கிப் போனார்கள். ஆசிரியர் அறையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. வீட்டில் அம்மா, இது நமக்கு எதற்கு என்று ஆரம்பித்தாள். தேவசகாயம் மட்டும் பேச்சு எழுந்தால் தோப்புக்குக் கிளம்பிவிடுவார். அவர் தோப்பு வேலைக்கும் அதே காலனியிலிருந்துதான் ஆள் வர வேண்டும், இளையபெருமாளோடு பகைத்துக்கொள்ளவும் முடியாது. பின்வாசல் மாடத்தில் டம்ளர் அப்படியே இருந்தது. சுகன்யா அதை எடுத்து உள்ளே மற்ற டம்ளர்களோடு வைத்தாள். மறுநாள் கொட்டை உடைக்க வந்த பெண்களே அதைத் தேடி வாங்கிப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார்கள்.

பின்னும் சில நாள் அவள் விடாப்பிடியாகத்தான் இருந்தாள். சென்னையில் யாருக்காவது எழுதிப் போடலாமா, திருச்சி கல்லூரியில் தன் பழைய பேராசிரியரைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் அமாவாசை பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

காம்பவுண்டுக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகன்யா போய்ப் பேசினாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், வரவில்லை. பத்து நாளாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றார். பாதி தோண்டிய கிணற்றில்கூட வேறு ஆளை இறக்கிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு ஒருவரும் காரணம் சொல்லவில்லை. டீக்கடையில் ஒரு பையன்தான், ராஜாவோட அப்பா வந்துட்டாரு என்றானாம். அப்போதுதான் தெரிந்துகொண்டார். இதையெல்லாம் குறையாக அவர் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பிறகு சைக்கிள் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எம்பொண்ண ராஜாவாக்காதீங்க டீச்சர். வெட்டறவளாவே இருந்துட்டுப் போவட்டும்."

சுகன்யா, இனிமேல் வெட்டுகிறவர்களே இருக்க மாட்டார்கள், எல்லாரும் ராஜாதான் என்று ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். அவர் முகம் இன்னும் வாடியது.

"அப்ப எம்பொண்ணும் ராஜாதானுங்களா?"

யாருக்கும் பேர் வராது, யார் ஆடுகிறார்கள் என்றே தெரியாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு தன்னை அறைந்ததுபோல இருந்தது என்று பிற்பாடு அவள் தன் கணவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே சாவியைக் கேட்டு வாங்கினாள். கணக்கர், தச்சர், மண்வெட்டுகிறவர் எல்லாரையும் அழித்தாள். களஞ்சியம் போயிற்று, சரிவு பார்க்கிற வேலை போயிற்று. மிஞ்சியது ராஜா ஒருவர். அவர் வரைபடத்தில் ஒரு இடத்தை அழுத்தினால் ஏரி தானே குழிந்து, தானே நிறையும். நிறைந்ததும் கீழே இரண்டு வரியில் வரலாறு வரும். மண்வெட்டிச் சத்தத்தை எடுக்க மட்டும் மறந்துபோனாள். ஆளே இல்லாத திரையில் மண் வெட்டுகிற ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. கவனித்த பிறகும் அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

போன பிள்ளைகள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் அறை திறந்தது. மலர்க்கொடி முறை வந்தபோது ஒரு இடத்தை அழுத்தினாள், நிறைவதைப் பார்த்தாள், எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட்டாள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பீரியட் வந்தால் கண் வலிக்கிறது என்று சொல்லி வகுப்பிலேயே இருந்துவிடுவாள். ஒருநாள் சுகன்யா அந்தக் காலி வகுப்பில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலர்க்கொடியின் பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண்தான் டீச்சரைத் தேற்றினாள்.

"பரவால்ல டீச்சர். எங்கப்பாவ மறுபடி வேலக்கிக் கூப்புட்டுட்டாங்க."

அரியலூர் தனி மாவட்டம் ஆகியிருந்த வருஷம் அது. புது மாவட்டத்தில் எல்லாம் புதுசாக நடத்த வேண்டும் என்ற உற்சாகத்தில் பள்ளிகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். மரிய செல்வம் தானே முன்னின்று ஏரி விளையாட்டைக் கொண்டுபோய் வைத்தார். பார்க்க வந்த கல்வி அதிகாரி ஒருவர் மவுஸைப் பிடித்து ஆடிப் பார்த்தார். ஏரி நிறைந்ததும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வரலாற்றை இவ்வளவு சுலபமாக்கிவிட்டாயே அம்மா என்று மனசாரப் பாராட்டினார். அந்த வெட்டுகிற சத்தம் நிஜம்போல இருக்கிறது என்றும் சொன்னார்.

அதுதான் தருணம் என்று நினைத்து, இதற்கு முன்னால் வேறு மாதிரி ஒன்று செய்திருந்தேன் சார், வெட்டுகிறவர்களும் அதில் வருவார்கள் என்று சுகன்யா சொல்ல ஆரம்பித்தாள். மரிய செல்வம் அவளைப் பார்த்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே, சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சிக்கல் வேண்டாம், இதுவே அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். முதல் பரிசு கிடைத்தது. சிடி போட்டுப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். உறையில் அவள் பெயர் இருந்தது. தேவசகாயம் ஒரு சிடியை வாங்கி, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறு வருஷம் மாவட்டத்தையே பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். சிடி மட்டும் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.

மலர்க்கொடி எட்டாவது முடித்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டிமடம் போக வேண்டும். ஜூன் பிறந்தும் அவள் சேரவில்லை என்று கேள்விப்பட்டு சுகன்யா காலனிக்குப் போனாள். அதற்கு முன் அவள் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. மலர்க்கொடியின் அம்மா செங்கமலம், தண்ணீர் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொம்போடு தயங்கி நின்றாள். சுகன்யா வாங்கிக் குடித்தாள். பெண் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறதாம். கம்பெனி வேன் ஊருக்கே வந்து கூட்டிப் போனதாம். நன்றாகப் படிக்கிற பிள்ளையை இப்படிச் செய்யலாமா, எங்கள் பங்கு ஃபாதரிடம் சொல்லி விடுதியில் சேர்த்திருப்பேனே என்று சுகன்யா ஆற்றாமையில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள். செங்கமலம் கோபப்படவில்லை.

"இங்க இருந்தா எதாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பா டீச்சர். அங்க மெஷினு சத்தத்துல ஒண்ணுங் கேக்க முடியாதாம்."

விலாசம் கேட்டதற்குத் தெரியாது என்றாள். தெரியாமலும் இருக்கலாம், சொல்ல விரும்பாமலும் இருக்கலாம்.

இரண்டாயிரத்து மூன்றில் சுகன்யாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அருள் பிரகாஷ் பெரம்பலூரில் மின்சாதனக் கடை வைத்திருந்தார். மென்மையான மனிதர். அவள் வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் போனாள். அடுத்த வருஷம் அங்கே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். பெரிய லேப், பிள்ளைக்கு ஒரு மெஷின். அலமாரியில் இருந்த சிடிகளுக்கு நடுவே அவளுடையதும் இருந்தது. பிள்ளைகளே எடுத்துப் போட்டார்கள். ஒரு அழுத்து, ஏரி நிறைந்தது. அவ்வளவுதானா மிஸ், கார் ரேஸ் போடுங்க என்றார்கள்.

பழையதை மறுபடி செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பிறந்த வீட்டுக்குப் போனபோது பழைய பிளாப்பிகளை எடுத்து வந்தாள். ஒன்றுமே படிக்கவில்லை, பூஞ்சை ஏறியிருந்தது. ஞாபகத்திலிருந்தே எழுதலாம் என்று உட்கார்ந்தாள். அருள் பிரகாஷ் கடையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். பாதிவரை வந்தது. ராஜா வந்தார், களஞ்சியம் வந்தது. மண்வெட்டுகிறவரை வரைய ஆரம்பிக்கும்போது, இதை எந்தப் பிள்ளை எடுக்கும், எந்தப் பிள்ளையை எடுக்க வைப்பார்கள் என்ற யோசனை வந்துவிடும். குலுக்கிப் போட்டால் யார் வீட்டில் யார் வேலை போகும் என்று வரும். ஒரு மாதம் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுவிட்டாள். கணவர் ஏன் என்று கேட்டதற்கு, ஏரி வெட்டத் தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை என்றாளாம்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், அரியலூரை மறுபடி பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தபோது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாலிபன் அவள் எதிரே வந்து நின்று கும்பிட்டான். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. பிரேம்குமார். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிப்பதாகச் சொன்னான். கூட இருந்த நண்பர்களிடம், இவங்கதான் எனக்கு முதல்முதலில் கம்ப்யூட்டரைத் தொட வைத்தவங்க என்று பெருமையாக அறிமுகம் செய்தான்.

"நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததே உங்க ஏரி கேம்னாலதான் டீச்சர். அதுல நாந்தான் எப்பவும் ராஜா, ஞாபகம் இருக்கா?"

சுகன்யா, ஒருநாள் நீ மண் சுமந்தாயே, ஏரி நிறைந்ததும் கைதட்டினாயே என்றாள். அவன் யோசித்தான். அவன் முகத்தில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அந்த கேமில் மண் சுமக்கிற ஆள் உண்டா என்று அவனே திருப்பிக் கேட்டான். மலர்க்கொடியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். எந்த மலர்க்கொடி என்றான். காலனிப் பெண், அமாவாசை மகள் என்றதும், அமாவாசையைத் தெரியும், போன வருஷம் கிணற்று மண் சரிந்து செத்துப்போனார், மகள் இருந்ததாக நினைவில்லை என்றான். பஸ் கிளம்புகிறது என்று நண்பர்கள் கூப்பிட்டார்கள். மறுபடி ஒருமுறை கும்பிட்டுவிட்டு ஓடினான்.

அவள் அங்கே கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊருக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறாள். அமாவாசை செத்த செய்தியை யாரும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய செய்தியாகவே ஒருவருக்கும் படவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லையே. வரவேண்டிய டவுன் பஸ் வந்து நின்று போயிற்று. அதற்கடுத்ததில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும், லேப் வேண்டாம், கணக்குப் பாடம் எடுக்கிறேன் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தாள். நிர்வாகத்தில் காரணம் கேட்டார்கள். திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்றாள். இப்போது ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்துகிறாள்.